செம்பு உருகும் வரை

உலைக்குக் காற்றூதும் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே, சூடு இன்னும் போதாது என்று கௌலத்துக்குத் தெரிந்துவிட்டது. உலை இன்னும் பூசணிப்பூ நிறத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் கணவர் மஜீத் உலை மூடியின் துளையில் குனிந்து பார்த்துவிட்டு, எலுமிச்சை வந்தாச்சு, சக்கரத்தை நிறுத்து என்றார்.

"இன்னும் கொஞ்சம் சுத்தட்டுங்களா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதா புள்ள?" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. அவள் கையை எடுத்துவிட்டாள். அவர் உலைக்குள் இருந்த மூசைக் குடுவையை இடுக்கியால் தூக்கி, மண் அச்சுக்குள் வெண்கலத்தை ஊற்றினார்.

பெரிய வெள்ளம் வந்துபோனதற்கு மறு வருஷம் அது. புதுநகரம் கடைத்தெருவில் மஜீதுக்கும் அவருடைய தம்பி பரீதுக்கும் சேர்த்து ஓர் இரும்புக் கடை இருந்தது. முன்பக்கம் ஆணியும் தாழ்ப்பாளும் கலப்பைக் கொழுவும் விற்பது பரீது. மஜீதின் இடம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகை. இளவயதில் ரயில் பட்டறை ஒன்றில் வார்ப்பு வேலை பார்த்தவர் அவர். ஊருக்குத் திரும்பி வந்ததும் ஒரு பழைய இரும்புப் பீப்பாயை எடுத்து, உள்ளே புற்றுமண்ணும் உமியும் குழைத்துப் பூசி, தானே ஓர் உலை கட்டினார். சுற்றுவட்டாரத்தில் மாடு கட்டி ஓட்டும் கரும்பு ஆலைகளுக்கு அந்த உலைதான் உயிர். ஆலையின் இரும்பு உருளை நின்று சுற்றுவது அடியில் இருக்கும் ஒரு வெண்கல வளையத்தின் மேல். புஷ் என்பார்கள். அது தேய்ந்தால் புதிதாக வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வெட்டிய கரும்பு காய்ந்துவிடும். மஜீத் ஒரே வாரத்தில் வார்த்துக் கொடுத்தார்.

வீட்டுக் கொல்லையில் வெளியாள் நடமாடுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே சக்கரம் சுற்றுவது கௌலத்தின் வேலையாகிவிட்டது. உலைக்குள் எவ்வளவு சூடு என்பதை அளக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. துளையில் கண்ணை வைத்து, உள்ளே தெரியும் நிறத்தைச் சத்தமாகச் சொல்வார். மாதுளை என்பார். பழுத்த மிளகாய் என்பார். பூசணிப்பூ என்பார். எலுமிச்சை என்று சொன்னால் ஊற்ற வேண்டிய நேரம். அவள் உட்காரும் இடத்தில் மூடிக்கும் உலைக்கும் நடுவே ஒரு விரிசல் உண்டு. அவர் சொல்லச் சொல்ல அதன் வழியே பார்த்துப் பார்த்து, அந்த நிறங்களெல்லாம் அவளுக்கும் மனப்பாடம்.

அன்று ஊற்றிய புஷ் நல்லேப்பிள்ளி நஞ்சப்பக் கவுண்டரின் ஆலைக்கு. அச்சை உடைத்து எடுத்தபோது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அரத்தால் ராவியபோது பளபளத்தது. தான் பார்த்ததுதான் தப்பாக இருக்கும், கரிப்புகை மறைத்திருக்கும் என்று கௌலத் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு வார்த்த புஷ்களுக்கும் அவர் பூசணிப்பூவிலேயே நிறுத்தச் சொன்னார். அவளும் நிறுத்தினாள். எதிர்த்துப் பேசவில்லை. வேலையில் அவரைத் திருத்த நான் யார் என்ற நினைப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கேட்டால் வரக்கூடிய பதிலைப் பற்றிய பயம். சாப்பிடும்போது அவர் தண்ணீர்ச் செம்பைக் கையால் துழாவி எடுப்பதை அவள் சில மாதமாகவே கவனித்திருந்தாள்.

தை மாதம் கரும்பு ஆட்டும் மும்முரத்தில் அந்தச் செய்தி வந்தது. நஞ்சப்பனின் ஆலையில், மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தபோதே அடியில் இருந்த புஷ் இரண்டாகப் பிளந்திருக்கிறது. உருளை ஒரு பக்கம் சாய்ந்து, கரும்பைச் சரக்கென்று உள்ளே இழுத்திருக்கிறது. கரும்பைப் பிடித்திருந்த நஞ்சப்பனின் வலது கையும் கூடவே போய்விட்டது. மாடுகளை நிறுத்துவதற்குள் மணிக்கட்டு வரை நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள்.

பரீது போய்ப் பார்த்துவிட்டு, உடைந்த புஷ்ஷை ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். மஜீத் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கவுண்டர் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கரும்பைத் திணித்திருப்பார், இரும்பே தாங்காதே, வெண்கலம் எப்படித் தாங்கும் என்றார். பரீதும் அதையேதான் ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தான். நஞ்சப்பன்கூட, முந்தின நாள் சரியாகத் தூங்கவில்லை, அசதியில் கரும்பை அதிகமாகக் கொடுத்துவிட்டேன் என்றுதான் சொன்னாராம்.

இரண்டு பேரும் கடைக்குப் போன பிறகு கௌலத் அந்தத் துண்டுகளை எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தாள். நல்ல வார்ப்பு உடைந்தால் உடைந்த முகம் முழுக்க ஒரே மாதிரி மணல்மணலாக இருக்கும். இதில் பாதி முகம் வழவழவென்று இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடிவந்த வெண்கலம் நடுவில் சந்தித்தபோது ஒன்றோடொன்று கலக்காமல், மூடிய உதடுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு மட்டும் நின்றிருக்கிறது. ஊற்றும்போது சூடு போதவில்லை.  சோறு வடிக்க வேண்டும் என்பதையும் மறந்து, துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது, சோறு போடாமல் எதிரில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா?"

மஜீத் உடனே மறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். போன வருஷத்திலிருந்தே பனி மூடினது மாதிரி இருக்கிறது என்றார். வெள்ளை வேட்டிகூடப் பழுப்பாகத் தெரிகிறது. விளக்கைப் பார்த்தால் மஞ்சளாய்க் கரைந்துபோகிறது. முதலில் ஒரு கண்தான், இப்போது இரண்டும். எத்தனையோ வருஷம் நெருப்பைப் பார்த்த கண், அப்படித்தான் ஆகும் என்றார். பட்டறையில் கூட வேலை செய்த ஒருவருக்கு இப்படித்தான் ஆனதாம்.

அப்படியானால் உலைக்குள் தெரிந்த எலுமிச்சை நிறம் உலையில் இருந்ததே இல்லை என்று கௌலத்துக்குப் புரிந்தது. அவர் கண்ணில் இருந்த மஞ்சள் அது.

"தெரிஞ்சும் ஏனுங்க ஊத்துனீங்க?"

"கைப்பழக்கம் இருக்குது, சரியாத்தான் வரும்னு நெனச்சேன்" என்றார். பிறகு, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுகிற குரலில் கேட்டுக்கொண்டார். இனிமேல் நீ பார்த்துச் சொல், நான் ஊற்றுகிறேன், நடந்தது நடந்துவிட்டது என்றார். அவர் அந்தக் குரலில் பேசி அவள் அதுவரை கேட்டதில்லை. மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அவளுடைய நினைப்பெல்லாம் வேறிடத்தில் இருந்தது. அந்த வருஷம் அவர் வார்த்த மற்ற புஷ்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் சித்தூர்ப் பக்கமும் எத்தனையோ ஆலைகளில் இந்த நிமிஷம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் கையில் கரும்போடு உட்கார்ந்திருக்கிறார்.

அதைச் சொன்னதும் மஜீத் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். எல்லாமே அப்படி இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும், கவுண்டர் தன் வாயாலேயே அசதி என்று சொல்லியிருக்கிறாரே என்றார். பரீது வந்ததும் விஷயம் இன்னும் பெரிதாகிவிட்டது. மதினி சொல்கிறபடி ஊர் ஊராகப் போய்ச் சொன்னால் நாளைக்கு ஓர் ஆணி வாங்கக்கூட யாரும் கடைப் படி ஏற மாட்டார்கள் என்றான் அவன். விரிசல் வழியாகப் பார்த்த ஒரு பொம்பளையின் கண்ணை நம்பி, பட்டறையில் பழகின கண்ணைப் பொய் என்று சொல்வதா என்றும் கேட்டான்.

அந்தக் கேள்வி கௌலத்தைக் குத்தியது. ஆனால் அதில் நியாயம் இருந்ததையும் அவளால் மறுக்க முடியவில்லை. அவர் கண் ஒன்று சொல்கிறது, தன் கண் ஒன்று சொல்கிறது. யார் கண்ணையும் நம்பாமல் உலையின் சூட்டை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு நாள் இதையே யோசித்தாள். அந்தப் பழைய பட்டறையில் வெள்ளைக்காரத் துரை ஒருவர், சூடு அளப்பதற்கு நீளமான குழாயும் அதன் முனையில் கம்பியும் வைத்திருந்ததாக மஜீத் முன்பு சொல்லியிருக்கிறார். அந்தக் கருவியின் முள் காட்டுவதற்கு முன்னாலேயே தான் நிறத்தைச் சொல்லி ஜெயித்ததையும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு கருவிக்கு இங்கே வழியில்லை. ஆனால் வெள்ளி எப்போதும் ஒரே சூட்டில்தான் இளகும். செம்பு அதைவிட அதிகச் சூட்டில், அதுவும் எப்போதும் ஒரே சூட்டில் இளகும். தட்டாரிடம் நகை அழித்துச் செய்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். உலோகம் யாருக்கும் பயந்து இளகாது, யார் சொல்லியும் இளகாமல் இருக்காது.

களிமண்ணில் விரல் நுனி அளவுக்குச் சின்னக் கிண்ணங்கள் செய்து உலர்த்தினாள். உடைந்துபோன தன் தண்டையிலிருந்து ஒரு துண்டு வெள்ளியை ஒன்றில் போட்டாள். கடையிலிருந்து எடுத்த தடித்த செம்புக் கம்பியை நறுக்கி இன்னொன்றில் போட்டாள். மஜீதைக் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை உலையை மூட்டுங்கள், இதில் தப்பு என் பேரில் என்று வந்தால் இந்தப் பேச்சை இனி எடுக்க மாட்டேன் என்றாள். பரீதும் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

கிண்ணங்களை மூசைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினாள். மஜீத் வழக்கம்போலக் குனிந்து, நிறங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். எலுமிச்சை என்று அவர் சொன்ன அந்த நிமிஷமே கௌலத் சக்கரத்தை விட்டுவிட்டு, நீண்ட இடுக்கியால் இரண்டு கிண்ணங்களையும் வெளியே எடுத்தாள். மூசையில் வெண்கலம் உருகித்தான் இருந்தது. வெண்கலத்தில் வெள்ளீயம் கலந்திருப்பதால், வெறும் செம்பு உருகுவதற்கு முன்னாலேயே அது இளகிவிடும். பார்த்தால் ஊற்றலாம் போலத்தான் தோன்றும். ஆனால் அச்சின் எல்லா மூலைக்கும் ஓடிப் போய்ச் சேர்கிற சூடு அதில் இருக்காது.

 ஆறியதும் அவள் அவற்றை மஜீதின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணருகே கொண்டுபோகவில்லை. விரலால் தடவினார். வெள்ளி உருகி மிளகு மாதிரி உருண்டிருந்தது. செம்புக் கம்பி போட்டபடியே கிடந்தது. நறுக்கிய முனையின் கூர்கூட மழுங்கவில்லை. அவர் அந்த முனையில் திரும்பத் திரும்பக் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இத்தனை கம்மியாவா ஊத்திட்டு இருந்தேன்?" என்றார்.

 பரீது அதற்கு மேல் அங்கே நிற்காமல் கடைக்குப் போய்விட்டான். மஜீத் உலைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரைக்கும், கவுண்டரின் அசதிதான் காரணம் என்று அவர் உண்மையாகவே நம்ப முயன்றிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் வண்டி கட்டினார்கள். தனியாகப் போகிறேன் என்றார் மஜீத். வழியில் இருக்கும் கல்லும் மேடுமே உங்களுக்குத் தெரியாது, நானும் வருகிறேன் என்று கௌலத்தும் ஏறிக்கொண்டாள். ஆலை ஆலையாகப் போய் நிறுத்தச் சொன்னார் அவர். என் வார்ப்பு சரியில்லை, என் கண் சரியில்லை, வேறு புஷ் தருகிறேன், அதுவரை ஓட்டாதீர்கள் என்று எல்லா இடத்திலும் அதையே சொன்னார். சிலர் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்கள். கொப்பரையில் சாறு கொதிக்கிற நேரத்தில் வந்து இப்படிச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது என்று ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். கொழிஞ்சாம்பாறையில் ஒரு பெரிய பண்ணைக்காரர் சிரித்துவிட்டு, எனக்கு எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது, நீர் போம் ராவுத்தரே என்றார். மஜீத் எவ்வளவோ சொல்லியும் அந்த ஆலை நிற்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை அதன் கிரீச்சொலி கௌலத்தின் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நல்லேப்பிள்ளியைக் கடைசியாக வைத்திருந்தார் மஜீத். வேண்டுமென்றேதான் என்று அவளுக்குத் தெரியும். நஞ்சப்பன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துணி சுற்றிய கை நெஞ்சின் மேல் கிடந்தது. வெட்டாத கரும்பு வீட்டுக்கு அந்தப் பக்கம் தோகை காய்ந்து நின்றது. நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, உட்காருங்க ராவுத்தரே என்றார் அவர். தன் தூக்கக்கலக்கத்தால் வந்த வினை இது என்று தானாகவே பேச்சை ஆரம்பித்தார். மஜீத் அவரை முடிக்க விடவில்லை.

"கவுண்டரே, தப்பு உங்க மேல இல்லீங்க. புஷ்ஷு என்னோடது. சூடு பத்தாம ஊத்திட்டேன். எனக்குக் கண்ணு தெரியலீங்க. அது எனக்கே தெரியும்."

நஞ்சப்பன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.  உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்ற அவர் மனைவி சாந்தம்மாள்தான் பேசினாள்.

"இவரு அன்னைலேருந்து தன்னைத்தானே பேசிட்டுக் கெடந்தாருங்க. நானும் சேந்து பேசுனேன். தூங்கிட்டே போயி கையக் குடுத்தியேன்னு கேட்டேன்" என்றாள்.  பிறகு அவள் மஜீதை விட்டுவிட்டுக் கௌலத்தைப் பார்த்தாள். "ஊத்தறப்ப நீங்களும் அங்கதான் இருந்தீங்களா?"

வரும் வழியெல்லாம் கௌலத் தன்னை மஜீதின் துணையாகத்தான் நினைத்து வந்திருந்தாள். உண்மையைக் கண்டுபிடித்தவள், அவரைச் சொல்ல வைத்தவள் என்று ஒரு மூலையில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அந்தக் கேள்விக்கு முன்னால் அது நிற்கவில்லை.

"இருந்தேனுங்க" என்றாள். "சூடு பத்தலைன்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க. ஒரு தடவை கேட்டேன். அப்பறம் கேக்கலீங்க."

சாந்தம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். போய்ட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த வருஷம் நஞ்சப்பனின் கரும்பைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வெட்டித் தங்கள் ஆலைகளில் ஆட்டிக் கொடுத்தார்கள். மஜீத் ஆள் அனுப்பி, வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் தான் தருவதாகச் சொன்னார். நஞ்சப்பன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பண்ணைக்காரரின் புஷ் மாசியில் பிளந்தது. நல்லவேளை, அப்போது மாட்டை அவிழ்க்கிற சமயம். யாருக்கும் காயமில்லை. பரீது கடையைத் தனியாகப் பிரித்துக்கொண்டான். அவன் பக்கம் வியாபாரம் நடந்தது. இவர்கள் பக்கம் வார்ப்புக்கு வருகிறவர்கள் பாதிக்கு மேல் குறைந்துபோனார்கள். வருகிறவர்களும், யார் பார்த்து ஊற்றுவது என்று கேட்டுவிட்டுத்தான் பேசினார்கள். கோயம்புத்தூரில் ஒரு கண் வைத்தியர் மஜீதுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். ஒரு கண்ணில், கனத்த கண்ணாடி போட்டால் ஆள் யார் என்று தெரிகிற அளவுக்குப் பார்வை வந்தது. இன்னொன்று போனது போனதுதான்.

திரும்பப் பெற்ற புஷ்களையெல்லாம் உடைத்துப் போட்டு மறுபடி வார்த்தார்கள். இப்போது துளையில் யாரும் கண்ணை வைப்பதில்லை. இரும்புக் கம்பியின் முனையில் செம்புத் துண்டைச் சுற்றி கௌலத் உள்ளே விடுவாள். எடுத்துத் தண்ணீரில் நனைத்து மஜீதின் கையில் கொடுப்பாள். முனை கூராக இருந்தால் இன்னும் சுற்ற வேண்டும். உருண்டு திரண்டிருந்தால், அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஊற்ற வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடந்தது. கரியும் அதிகம் பிடித்தது. ஆனால் அதன் பிறகு அவர்கள் வார்த்த எதுவும் உடையவில்லை.

மறு வருஷம் கரும்பு முற்றுகிற சமயத்தில், ஒரு காலை நேரம், சாந்தம்மாள் கொல்லை வழியாகக் கொட்டகைக்கு வந்து நின்றாள். கூட வண்டிக்காரன் மட்டும் இருந்தான். அளவுக்காகப் பழைய இரும்பு வளையம் ஒன்றை இடுப்பில் இடுக்கியிருந்தாள். ஆலை இந்த வருஷம் ஓடியாக வேண்டும், அடுத்தவர்களிடம் இன்னொரு தடவை போய் நிற்க முடியாது, கரும்பு கொடுக்க நானே உட்காரப் போகிறேன் என்றாள். நஞ்சப்பன் அனுப்பினாரா, அவருக்குத் தெரியாமல் வந்தாளா என்று கௌலத் கேட்கவில்லை. குடிக்க மோர் கொடுத்தாள். சாந்தம்மாள் வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

அச்சு முன்பே தயாராக இருந்த அளவுதான். அன்றே உலை மூட்டினார்கள். சாந்தம்மாள் போகவில்லை. வெக்கை முகத்தில் அடிக்க அடிக்க உலைக்குப் பக்கத்திலேயே நின்றாள். கௌலத் முதலில் எடுத்த செம்பில் கூர் இருந்தது. திரும்பவும் சுற்றினாள். அடுத்த தடவை எடுத்து நனைத்து மஜீதிடம் நீட்டியபோது, அதைச் சாந்தம்மாள் குறுக்கே வாங்கிக்கொண்டாள். விரலால் உருட்டிப் பார்த்தாள். முனை சுத்தமாக உருண்டிருந்தது. கௌலத் மேலும் கொஞ்ச நேரம் சுற்றியதும் மஜீத் இடுக்கிக்குக் கையை நீட்டினார்.

"இன்னொரு துண்டு வெச்சுப் பாருங்க" என்றாள் சாந்தம்மாள்.

மஜீத் இடுக்கியைக் கீழே வைத்தார். கௌலத் புதிதாக ஒரு துண்டு செம்பை நறுக்கிக் கம்பி முனையில் சுற்றி, உலைக்குள் விட்டுவிட்டு, மறுபடி சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.